ஜவ்வாது மலை முகாம்: புதுப்பிப்பு

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள மலைக்கிராமத்தில் குழந்தைகள் முகாம் நடத்தப் போகிறோம், என்ன கொண்டு போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பொம்மை, பழைய துணி என்று பலர் சொன்னீர்கள். கண் பரிசோதனை அட்டை கொண்டு போங்கள் என்று ஒரு செவிலியர் எழுதியதுதான் கைகொடுத்தது.

அட்டை முழுக்க ஆங்கில 'ஈ' எழுத்துதான், பல திசைகளில் திரும்பியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் 6 மீட்டர் தள்ளி நின்று, அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டிவிடலாம். ஒரு சிறுமி வலது கண்ணை மறைத்தபோது தயங்காமல் காட்டினாள். இடது கண்ணை மறைத்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அட்டையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். "தனியாக மாடு மேய்க்கிறாளே!" என்று பாட்டி திகைத்துப்போனார். ஒரு கண்ணால் சமாளிக்கும் குழந்தையின் குறை வீட்டில் தெரிவதே இல்லை. சோம்பல் கண்ணாக, அதாவது ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாத குறையாக இருந்தால் ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்கு அவளை அனுப்ப வேண்டும். சாமை அறுவடை நேரம் என்பதால் கூலி போய்விடுமே என்று அம்மா தயங்குகிறார். பஸ் கட்டணத்தோடு அந்தக் கூலியையும் நாம் கொடுத்துவிடலாம். துணி அனுப்ப நினைத்தவர்கள் தயவுசெய்து இதற்கு உதவுங்கள்.