பள்ளிப் புத்தகத் தளத்தை மாற்றி வடிவமைத்தபின் ஆர்டர் படுத்துவிட்டது, அவசர உதவி தேவை

மஞ்சள்சந்தை (காலை 10.12)
வணக்கம். பாடநூல், துணைநூல், நோட்டு, கல்விப் பொம்மை விற்கும் தளம் எங்களுடையது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரமில்லை என்பதை மனத்தில் வைத்துத் தளம் முழுவதையும் மாற்றினோம். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் நாளுக்கு முப்பது, நாற்பது ஆர்டர் வந்த இடத்தில் இப்போது ஐந்தாறுதான் வருகிறது. ஆட்கள் வருகிறார்கள், வாங்காமல் போகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்துவிடும். என்ன செய்யலாம்? சோதித்துப் பார்த்துவிட்டோம், எல்லாம் வேலை செய்கிறது.

தறிநூல் (காலை 10.20)
எந்த மென்பொருளில் கட்டிய தளம்? எப்போது மாற்றினீர்கள்? வருகிறவர்கள் எந்தப் பக்கத்தோடு திரும்புகிறார்கள்? கைபேசியில் வருகிறார்களா, கணினியிலா? இவை தெரியாமல் சொல்வதெல்லாம் குருட்டாம்போக்கு.

மூத்தகுடி (காலை 10.31)
ஆண்டுதோறும் மே மாதம் இதே கேள்வியோடு யாராவது வந்துவிடுகிறார்கள். கேட்பதற்கு முன் படிக்க வேண்டிய குறிப்பை மேலே ஒட்டி வைத்திருக்கிறோம், அதை யாரும் படிப்பதில்லை. ‘எல்லாம் வேலை செய்கிறது’ என்பது ஒரு தகவலே அல்ல, நண்பரே. யாருடைய கைபேசியில், எந்த இணைப்பில், எந்த வழியாக உள்ளே போய்ச் சோதித்தீர்கள்?

மின்னல்வேகம் (காலை 10.44)
பக்கம் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது? முகப்பில் பெரிய படம் ஓடுகிறதா? பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். புது வடிவமைப்பு என்றாலே நான்கு படங்களைச் சுழல விடுவார்கள், கதை அதோடு முடிந்தது. முதலில் படங்களைச் சுருக்குங்கள்.

தறிநூல் (காலை 10.47)
மின்னலாருக்கு எந்த நோய்க்கும் மருந்து படத்தைச் சுருக்குவதுதான்.

மஞ்சள்சந்தை (காலை 11.30)
மன்னிக்கவும், கடையில் கூட்டம். பெரும்பாலும் கைபேசியில்தான் வருகிறார்கள். முகப்பில் ஓடும் படம் இல்லை. பெற்றோர் தேடி அலையக் கூடாது என்பதற்காக ஏழு கேள்விகள் வைத்திருக்கிறோம்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பாடத்திட்டம், பள்ளி, பிடித்த பாடம், கடினமான பாடம். பதில் சொன்னால் தேவையானது தானாக வந்து நிற்கும்.

இரண்டுபிள்ளைக்காரி (பகல் 12.05)
நீங்கள் மனத்தில் வைத்த பெற்றோர் நான்தான் என்பதால் சொல்கிறேன். இரவு பாத்திரம் தேய்த்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். கையில் பள்ளி கொடுத்த பட்டியல் இருக்கும்: நான்கு கோடு நோட்டு 4, கட்டம் போட்ட நோட்டு 2, கோடில்லாதது 1, 192 பக்க நீள நோட்டு 6, பழுப்பு அட்டைச் சுருள் 2, பெயர்ச் சீட்டு. எனக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் உள்ளபடியே எண்ணிக்கையை இட ஒரு பக்கம். என் மகனுக்குப் பிடித்த பாடம் எது என்பதை உங்களிடம் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது?

இன்னொன்று. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப் பயமாக இருக்கிறது. என்சிஇஆர்டி 2024இல் 3, 6ஆம் வகுப்புகளுக்கும் 2025இல் 4, 5, 7, 8ஆம் வகுப்புகளுக்கும் புதிய நூல்களைக் கொண்டுவந்துவிட்டது. போன ஆண்டு வேறொரு தளத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல் என்று வாங்கினேன், பழைய பதிப்பு வந்தது. அட்டைப் படத்துக்குக் கீழே பதிப்பாண்டைப் பெரிதாகப் போடும் தளம் எதுவோ, அதில்தான் இனி வாங்குவேன்.

கரும்பலகை (பகல் 12.18)
அம்மா சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் முப்பருவ முறை, அதாவது பருவத்துக்கு ஒரு புத்தகம், 2012-13இல் வந்தது. கீழ் வகுப்புப் புத்தகத்துக்கு ‘ஐந்தாம் வகுப்பு தமிழ்’ என்று மட்டும் தலைப்புப் போட்டால் எந்தப் பருவம், தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று யாருக்குத் தெரியும்? ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தவறான பருவத்துப் புத்தகத்தோடு ஜூனில் வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தறிநூல் (பகல் 12.26)
பிறந்த தேதியை முதலில் எடுத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைதான். அவர்கள் தகவலைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நோட்டு விற்பதற்கு இந்த வம்பு எதற்கு?

விற்பனைவித்தகன் (பிற்பகல் 1.02)
கேள்விகள் இருக்கட்டும். பெற்றோரை உடனே முடிவெடுக்க வைக்க வேண்டும். ‘இன்னும் 2 தொகுப்புகளே உள்ளன’, ‘சலுகை முடிய 9 நிமிடம்’ என்று ஒரு கடிகாரம் ஓட விடுங்கள். கைமேல் பலன்.

தறிநூல் (பிற்பகல் 1.10)
கிடங்கில் இருநூறு கிடக்கும்போது இரண்டு என்று போடுவது பொய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் இதைப் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

பணப்பை (பிற்பகல் 1.35)
எனக்கு யுபிஐ மேல்தான் சந்தேகம். விளம்பரம் இன்ஸ்டாகிராமில் போடுகிறீர்களா? அதில் தட்டினால் தளம் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும். அங்கிருந்து பணம் செலுத்தும் செயலிக்குத் தாவாமல் பல நேரம் சிக்கிக்கொள்ளும். குரோமில் சோதிப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

மஞ்சள்சந்தை (பிற்பகல் 2.15)
விளம்பரம் இல்லை. பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் பகிர்கிறோம். அஞ்சல் செலவு அதிகம் என்பதால் போகிறார்களோ என்றும் ஒரு எண்ணம். பொதியஞ்சலில் அனுப்புகிறோம்.

அஞ்சல்பெட்டி (பிற்பகல் 2.22)
புத்தகம் அனுப்ப அஞ்சல்துறையின் ஞான் போஸ்ட் இருக்கிறதே! 2025 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பொதி எங்கே போகிறது என்று தடம் பார்க்கவும் முடியும்.

கரும்பலகை (பிற்பகல் 2.40)
அது பாடநூல்களுக்கு. வணிக நோக்குள்ள வெளியீடுகளுக்கு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. தனியார் துணைநூல் வணிகம் இல்லாமல் வேறென்ன? பின்னட்டையில் பதிப்பகத்தின் மற்ற நூல்களுக்கு விளம்பரம் வேறு.

அஞ்சல்பெட்டி (பிற்பகல் 2.51)
ஐயா, விதியை முழுவதும் படியுங்கள். விளம்பரம் கூடாது என்பதிலிருந்து நூல்பட்டியலுக்கும் போகிறபோக்கில் வரும் அறிவிப்புக்கும் விலக்கு உண்டு. பின்னட்டையில் இருப்பது நூல்பட்டியல்தான்.

கரும்பலகை (பிற்பகல் 3.05)
‘நூறு மதிப்பெண் உறுதி’ என்று கொட்டை எழுத்தில் போடுவது நூல்பட்டியலா? துணைநூல் வந்தபிறகுதான் பிள்ளைகள் பாடநூலைத் திறப்பதையே விட்டார்கள். அதற்கு அரசு சலுகைக் கட்டணம் வேறு தர வேண்டுமாக்கும்.

இரண்டுபிள்ளைக்காரி (பிற்பகல் 3.12)
வேலை முடிந்து வந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்கை நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியுமா, ஐயா? துணைநூல் இருப்பதால்தான் எங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் முடிகிறது.

அஞ்சல்பெட்டி (பிற்பகல் 3.20)
அப்படிக் கேளுங்கள். எதற்கும் அஞ்சலக முகப்பில் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நோட்டும் பொம்மையும் மட்டும் இதில் போகாது, அவற்றைத் தனியாகக் கட்ட வேண்டும்.

மூத்தகுடி (பிற்பகல் 3.33)
கேட்டவர் ஆர்டர் வரவில்லை என்று அழுகிறார். நீங்கள் வராத ஆர்டரை எந்த அஞ்சலில் அனுப்புவது என்று சண்டை போடுகிறீர்கள்.

கடையாணி (மாலை 4.10)
மஞ்சள்சந்தைக்கு ஒரு கேள்வி. பழைய தளத்தில் கணக்குத் தொடங்காமலே வாங்க முடிந்ததா? புதியதில் முடிகிறதா?

மஞ்சள்சந்தை (மாலை 4.48)
பழையதில் முடிந்தது. புதியதில் கைபேசி எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணை இட்டு உள்ளே வர வேண்டும். அல்லது கூகுள் கணக்கு வழியாக வரலாம். பாதியில் விட்டுப்போன கூடை மறுநாளும் அப்படியே இருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள், அதற்காகத்தான்.

கடையாணி (மாலை 4.55)
வந்துகொண்டிருக்கும் அந்த ஐந்தாறு ஆர்டரும் எந்த வழியாக உள்ளே வந்தவை? சோதித்தவர் எந்த வழியில் சோதித்தார்? அந்தக் குறுஞ்செய்தியின் வாசகத்தை யாராவது மாற்றினீர்களா?

மஞ்சள்சந்தை (மாலை 5.20)
பார்த்தேன். எல்லாமே கூகுள் கணக்கு வழி. வடிவமைப்பாளர் சோதித்ததும் அப்படித்தானாம். வாசகத்தை மாற்றினோம், முன்பு மொட்டையாக இருந்தது. ‘அன்புள்ள பெற்றோரே’ என்று தொடங்குமாறு எழுதினோம். ஆனால் குறுஞ்செய்தி நிறுவனத்தின் பக்கத்தில் எல்லாம் அனுப்பப்பட்டதாகவே காட்டுகிறது.

கடையாணி (மாலை 5.34)
சிக்கல் அங்கேதான். நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி ஒவ்வொன்றின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்னும் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். எண் வரும் இடம் போன்ற மாறும் பகுதியைத் தவிர மற்றது பதிந்தபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொலைபேசி நிறுவனமே தடுத்துவிடும். உங்கள் ‘அன்புள்ள பெற்றோரே’ அப்படித்தான் வழியில் மாட்டிக்கொண்டது. ‘அனுப்பப்பட்டது’ என்ற கணக்கை நம்பாதீர்கள், ‘சேர்ந்தது’ என்ற அறிக்கையைத் தனியாக எடுத்துப் பாருங்கள். இப்போதைக்குப் பழைய வாசகத்தையே போட்டுவிட்டு, புதியதைப் பதிவுக்கு அனுப்புங்கள்.

கணக்கில்லாமல் வாங்கும் வழியையும் திரும்பத் திறந்துவிடுங்கள். கூடை மறுநாளும் இருக்க உள்நுழைவு தேவையில்லை, அதே கைபேசியில் என்றால் உலாவியிலேயே சேமித்து வைக்கலாம். வேறு கைபேசியில் தொடர விரும்புகிறவரிடம் மட்டும் எண்ணைக் கேளுங்கள்.

மின்னல்வேகம் (மாலை 5.41)
இருந்தாலும் படங்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மூத்தகுடி (மாலை 5.50)
நான் முதலிலேயே கேட்டேன், எந்த வழியாக உள்ளே போய்ச் சோதித்தீர்கள் என்று. மேலே போய்ப் பாருங்கள்.

கடையாணி (மாலை 5.58)
கேட்டீர்கள், ஐயா. நீங்கள் கேட்ட விதத்தில் அவருக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டுபிள்ளைக்காரி (இரவு 9.47)
இது சரியானாலும் அந்த ஏழு கேள்விகள் அப்படியேதான் இருக்கும். வகுப்பு, பாடத்திட்டம், பயிற்றுமொழி, கீழ் வகுப்பானால் பருவம், இவை போதும். பள்ளிப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினால் கடையில் ஒருவர் பார்த்துக் கூடையில் போட்டுத் தருவது போல ஏற்பாடு செய்யுங்கள். இல்லாத பொருளுக்கு இணையாக வேறொன்றை உங்கள் விருப்பத்துக்கு வைத்துவிடாதீர்கள், கேட்டுவிட்டு வையுங்கள். நீள நோட்டுக்குப் பதில் சிறியதைக் கொண்டுபோனால் வகுப்பில் திட்டு வாங்குவது பிள்ளை.

விற்பனைவித்தகன் (இரவு 10.05)
படம் பார்த்துக் கூடை நிரப்ப ஆள் போட்டால் சம்பளத்துக்கு எங்கே போவது?

இரண்டுபிள்ளைக்காரி (இரவு 10.09)
ஒரு பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரே பட்டியல்தான். முதல் ஆளுக்கு நிரப்பியதை மற்ற நாற்பது பேருக்கும் அப்படியே காட்டலாமே. வாட்ஸ்அப் குழுவில் பகிரவேண்டிய இணைப்பும் அதுதான், உங்கள் முகப்பு அல்ல.

மஞ்சள்சந்தை (மறுநாள் பகல் 12.40)
டிஎல்டிதான். பழைய வாசகத்தைப் போட்டவுடன் எண் வரத் தொடங்கிவிட்டது. கணக்கில்லாமல் வாங்கும் வழியும் திறந்தாயிற்று, காலையிலிருந்து ஆர்டர் வருகிறது. பிறந்த தேதியை எடுத்துவிட்டோம். மற்ற கேள்விகளை எடுக்கக் கூடாது என்று பங்குதாரர் சொல்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி. பொதி கட்ட வேண்டும், பிறகு வருகிறேன்.

தறிநூல் (மறுநாள் பிற்பகல் 1.15)
வகுப்புப் பட்டியல் பக்கம் போடுகிறீர்களா? பதிப்பாண்டு?

அஞ்சல்பெட்டி (மறுநாள் மாலை 6.30)
பொதியை எதில் அனுப்பினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கரும்பலகை (மறுநாள் மாலை 6.52)
துணைநூலை ஞான் போஸ்டில் வாங்கிக்கொண்டார்களா என்பதையும்.