தில்லியில் விளையாடும் நம் பிள்ளைகள்: மே வெயிலும் ஜனவரிக் குளிரும்

ஆர்.கே.புரம் அப்பா:
என் மகள் மாலையில் மலை மந்திர் பக்கத்துப் பூங்காவில் கோகோ ஆடுவாள். மே மாதத்தில் கொஞ்ச நேரம் ஓடினாலே முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும், சட்டையோ அவ்வளவாக நனையாது. கூட ஓடும் எனக்கு வேர்வை ஊற்றும். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, பிள்ளைக்கு ஜுரம் என்றே பயந்துவிட்டார்.

குழந்தை மருத்துவரிடம் கேட்டோம். சிறு பிள்ளைகளின் வேர்வைச் சுரப்பி ஒவ்வொன்றும் குறைவாகத்தான் சுரக்குமாம். அதனால் அவர்கள் உடம்பு தோலுக்கு நிறைய ரத்தத்தை அனுப்பிச் சூட்டைக் காற்றில் விடுகிறது. முகச் சிவப்பு அதுதான். எடையோடு பார்த்தால் பிள்ளைகளுக்குத் தோல் பரப்பு அதிகம் என்பதால் சாதாரண நாளில் இது நன்றாகவே நடக்கும். ஆனால் தோலின் சூடு சுமார் 35 டிகிரிதான். லூ என்கிற அனல்காற்று அடித்து 43, 44 டிகிரி ஆகும்போது அதே தோல் வழியாகச் சூடு உள்ளே ஏறும். அதனால் மே, ஜூனில் ஆட்டத்தை விடியற்காலைக்கு மாற்றிவிட்டோம். "பிள்ளைகளுக்கு வெயில் தாங்கும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

மயூர் விஹார் அம்மா:
எங்களுக்கு ஜனவரிதான் கவலை. பையன் ஒல்லி, ஃபுட்பால் ஆடுகிறான். ஓடும்வரை ஒன்றுமில்லை. ஆட்டம் நின்றதும் நடுக்கம் தொடங்கிவிடும், உதடு வெளுத்துப்போகும். நீங்கள் சொன்ன அதே தோல் பரப்பு குளிரில் சூட்டைச் சீக்கிரம் இழக்கவைக்கிறது, ஈர பனியன் இருந்தால் இன்னும் மோசம். விசில் ஊதியதும் பனியனை மாற்றி, ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுவிடுவேன். வறண்ட குளிர்காற்றில் வேகமாக மூச்சு வாங்கினால் சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி இருமலும் இழுப்பும் வரும், அதையும் கவனியுங்கள். புகைமூட்ட நாளில் நான் அனுப்புவதே இல்லை.

ஓய்வு பெற்ற பி.டி. ஆசிரியர்:
இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் பயந்து விளையாட்டையே நிறுத்திவிடாதீர்கள். தண்ணீரும் ஓய்வும் சரியாகக் கிடைத்தால் வெயிலைத் தாங்குவதில் பிள்ளைகள் பெரியவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2011இல் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது.

நான் பார்த்தவரை கஷ்டம் ஜூலையில்தான். விடுமுறை முழுக்கக் கூலர் முன்னால் இருந்த பிள்ளைகள் புழுக்கத்தில் நேராக மைதானத்துக்கு வருவார்கள். உடம்பு பழக இரண்டு வாரம் வேண்டும், அதுவரை பாதிப் பயிற்சிதான் கொடுப்பேன். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். வெறும் தண்ணீரை இரண்டு மடக்கில் நிறுத்தும் பிள்ளை, உப்பும் சர்க்கரையும் போட்ட ஷிகஞ்சி (எலுமிச்சைச் சாறு) என்றால் டம்ளரைக் காலி செய்துவிடும். தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் தெரிந்தால் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள்.