ஆறு மாத சைல்டு கேர் கோர்ஸ் படித்தால் கனடா பி.ஆர். கிடைக்குமா?

அரவேணு_பொண்ணு:
எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம், அரவேணு தாண்டி. வயது 26, கல்யாணம் ஆகவில்லை. பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு இரண்டு வருடமாகக் குன்னூரில் ஒரு பிளே ஸ்கூலில் வேலை. சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் ஆனதால் ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிறது, அதுவும் அம்மாவின் சீட்டுக்குப் போய்விடும்.

கோவையில் ஒரு பயிற்சி மையம். ஆறு மாத சைல்டு கேர் கோர்ஸுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். முடித்ததும் கனடாவில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வாங்கித் தர இன்னும் ஐந்து லட்சம். போய் இறங்கும்போதே பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) என்கிறார்கள். 2026 மார்ச்சில் கனடாவின் கோட்டா திறக்கிறது, அதற்காக இந்த ஜனவரியிலேயே சேர வேண்டும், தேதி பற்றிக் கவலைப்பட வேண்டாம், சர்டிஃபிகேட்டில் 'அட்ஜஸ்ட்' செய்து தருகிறோம் என்றும் சொன்னார்கள். அப்பா சீட் பிடிக்க இருபத்தைந்தாயிரம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மீதிக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலையின் பத்திரத்தை வைக்கலாம் என்கிறார். பனியில் கொழுந்தும் இல்லை, இருக்கும் இலைக்கு விலையும் இல்லை, அதனால் எதையாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

யாராவது இந்த வழியில் போயிருக்கிறீர்களா?

மலைப்பாதை:
ஜனவரியில் சேர்ந்து மார்ச்சுக்குள் ஆறு மாதம் எப்படி முடியும்? காலண்டரையும் அவர்களே அச்சடிக்கிறார்களா?

ஸ்கார்பரோ_அக்கா:
தங்கச்சி, நான் கோத்தகிரியில் படித்து வளர்ந்தவள். 2010-ல் இதே வேலைக்குத்தான் கனடா வந்தேன். இப்போது ஒன்டாரியோவில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த 'ஆறு மாதம்' என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1992 முதல் 2014 வரை லிவ்-இன் கேர்கிவர் திட்டம் என்று ஒன்று இருந்தது. முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். அதில் சேர ஆறு மாத முழுநேர வகுப்புப் பயிற்சி, இல்லையென்றால் ஒரு வருட அனுபவம் கேட்டார்கள். நான் அந்தக் கணக்கில் வந்தவள். அப்போதும் வந்து இறங்கியதும் பி.ஆர். கிடையாது. இரண்டு வருடம் வேலை செய்த பிறகுதான் விண்ணப்பமே போடலாம், அப்புறம் வருடக்கணக்கில் காத்திருப்பு. மைனஸ் இருபதில் பிள்ளைக்கு பூட்ஸ் மாட்டி ஸ்கூலுக்கு இழுத்துக்கொண்டு போனதையெல்லாம் எந்த கோர்ஸிலும் சொல்லித் தரவில்லை.

அந்தத் திட்டம் மூடியாகிவிட்டது. 2019-ல் வேறு ஒன்று தொடங்கி 2024 ஜூனில் அதுவும் முடிந்தது. 2025 மார்ச் 31-ல் புதிதாக ஒன்று திறந்தார்கள். குழந்தை பராமரிப்புக்கு 2,750 இடம், முதியோர் மற்றும் உடல்நலமில்லாதவர்களைப் பார்க்க 2,750 இடம். உங்கள் மையத்துக்காரர்கள் சொல்வது இதைத்தான். அதன் விதி காகிதத்தில் எளிது: பிளஸ் டூவுக்குச் சமமான படிப்பு, எளிய ஆங்கிலம் (ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில் நாலு, நாலரை போதும்), ஆறு மாத அனுபவம் அல்லது ஆறு மாதப் பயிற்சி, அப்புறம் கியூபெக் மாகாணம் தவிர்த்த இடத்தில் முழுநேர வேலை ஆஃபர். ஆமாம், இதில் நேராக பி.ஆர். தான். அதனால்தான் ஏஜெண்டுகளுக்கு இவ்வளவு கொண்டாட்டம்.

ஆனால் அன்று திறந்தது ஏற்கெனவே கனடாவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். குழந்தை பராமரிப்பு இடங்கள் அன்றைக்கே தீர்ந்துவிட்டன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பிரிவைத் திறக்கவே இல்லை. 2026 மார்ச்சில் மறுபடி திறக்கப் போவதில்லை என்று கனடா குடிவரவுத் துறையே 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இல்லாத கோட்டாவுக்குத்தான் உங்கள் அப்பா பத்திரத்தை எடுக்கிறார்.

இன்னொன்று. அந்த 'அட்ஜஸ்ட்' என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்து வந்திருக்க வேண்டும். பொய்யான தேதி போட்ட சர்டிஃபிகேட் பிடிபட்டால் ஐந்து வருடம் கனடா பக்கமே போக முடியாது. தடை உங்கள் பெயரில்தான் விழும், மையத்தின் பெயரில் இல்லை.

ஆஃபர் லெட்டருக்கு ஐந்து லட்சம் என்பதும் அப்படித்தான். வேலை தேடித் தந்ததற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று ஒன்டாரியோவில் 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் முதலில் வந்ததே எங்களைப் போன்ற கேர்கிவர்களுக்காகத்தான்.

ஓய்வு_கிளார்க்_ஊட்டி:
நம் பக்கத்துச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட்கூட முப்பதாயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஐந்து லட்சம் என்று வாயைத் திறந்த இடத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மாநில அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள்.

அரவேணு_பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, சார். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். பத்திரம் இப்போதைக்கு பீரோவில்தான்.

இரண்டு கேள்வி. பிளே ஸ்கூல் அனுபவத்தை வைத்து வேறு வழி இருக்கிறதா? கட்டின பணம் திரும்ப வருமா?

ஸ்கார்பரோ_அக்கா:
வழி ஒன்று இருக்கிறது, ஆனால் சுலபமில்லை. வீட்டில் பிள்ளை பார்ப்பதும் பள்ளியில் பார்ப்பதும் கனடாவின் கணக்கில் வேறு வேறு வேலை. உங்களுடையது இரண்டாவது, அது திறன் வேலைப் பட்டியலில் மேலே இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் போட்டு பி.ஆர்.-க்கு ஆள் எடுக்கும் முறை. 2025 முதல் அதில் கல்வித் துறைக்குத் தனி டிரா (அழைப்புச் சுற்று) நடத்துகிறார்கள், மழலையர் ஆசிரியர்களும் அதில் உண்டு. 2025 மே மாத டிராவில் கட் ஆஃப் மதிப்பெண் 479. உங்கள் வயது, மூன்று வருட டிகிரி, இரண்டு வருட அனுபவம், ஐஇஎல்டிஎஸ்ஸில் நல்ல மார்க் எல்லாம் சேர்த்தாலும் நானூறை ஒட்டித்தான் வரும். இன்னொரு டிகிரி, பிரெஞ்சு என்று ஏற்றினால் பக்கத்தில் போகலாம். கையிருப்பாக 15,000 டாலருக்கு மேல் வங்கியில் காட்டவும் வேண்டும். பள்ளியில் நியமன ஆணை, சம்பளச் சீட்டு இரண்டையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். சின்னப் பள்ளிகள் கையில் காசு கொடுத்துவிட்டுக் கடிதம் கேட்டால் முழிப்பார்கள்.

ஓய்வு_கிளார்க்_ஊட்டி:
பணத்துக்கு: ரசீது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், அந்த 'அட்ஜஸ்ட்' பேச்சு உட்பட. பதிவுத் தபாலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது.

அரவேணு_பொண்ணு:
ரசீது இருக்கிறது சார். ஆனால் அதில் சீட் நம்பர் போட்டு 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வு_கிளார்க்_ஊட்டி:
அதையும் ஜெராக்ஸ் எடுங்கள். நன்கொடைக்கு சீட் நம்பர் எதற்குப் போட்டார்கள் என்று கடிதத்தில் கேளுங்கள்.