திடீர்னு சாமி வந்து முடிச்சு வைக்கிற கதைங்க: நீங்க பாத்தத சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை:
நேத்து அம்மாகூட ஒக்காந்து சீரியல் பாத்தேன், மாசக்கணக்கா கோமாவுல கெடந்த மாமனார் வில்லி பத்திரத்துல கையெழுத்து வாங்குற நேரம் பாத்து கண்ண முழிச்சு உண்மையான உயில் எங்க இருக்குன்னு சொல்லிட்டாரு. அம்மாவே "அட போங்கடா"ன்னுட்டு உலை வைக்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. கிரேக்க நாடகத்துலயே இந்த வேலை உண்டு, மேடையில கிரேன் மாதிரி ஒண்ணு வச்சு சாமி வேஷக்காரர தொங்கவிட்டு எறக்குவாங்க, அவர் வந்து பஞ்சாயத்த முடிச்சுட்டு போயிடுவாரு. முடிவு கதைக்குள்ளேருந்து வரணும், மெஷின்லேருந்து வரக்கூடாதுன்னு அரிஸ்டாட்டில் அப்பவே திட்டியிருக்காரு. கூத்தோ நாடகமோ, உங்க அனுபவத்த போடுங்க.

அகரத்துத் திண்ணை:
தஞ்சாவூர் பக்கம் மெலட்டூர்ல போடுற பாகவத மேளா நாடகம் பாத்திருக்கீங்களா? நரசிம்ம ஜெயந்தி சமயத்துல பிரகலாத சரித்திரம் போடுவாங்க, பாட்டெல்லாம் தெலுங்கு, பொம்பள வேஷமும் ஆம்பளைங்கதான். எனக்குத் தெலுங்கு சுத்தமா வராது, இருந்தும் விடிய விடிய ஒக்காந்துருப்பேன், ஏன்னா நரசிம்மர் வர்றது விடியிற வாக்குலதான். அந்த முகமூடி சும்மா நாடக சாமான் கெடையாது, கோயில்ல வச்சு பூஜை பண்றது, வேஷம் கட்டுறவர் விரதம் இருந்துதான் போட்டுக்குவாரு. வந்ததும் ஆவேசம், நாலஞ்சு பேர் புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கணும்.

தூணப் பொளந்துக்கிட்டு சாமி வர்றதவிட பெரிய திடீர் முடிவு உண்டா, ஆனா ஒருத்தரும் ஏமாத்திட்டான்னு சொன்னதில்ல. ஹரி எங்கயும் இருக்கார்னு அந்தப் பையன் மொதல்லேருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கான், மனுஷனாலயும் சாகக்கூடாது மிருகத்தாலயும் சாகக்கூடாதுன்னு வரம் வாங்குனதுல இரணியனே ஓட்டைய விட்டு வச்சிருக்கான். சாமி வர்றது தப்பில்லங்க, கூப்புடாம வர்றதுதான் தப்பு.

வெண்ணாத்தங்கரை:
அப்ப அரிச்சந்திரன் மயான காண்டம்? வாள ஓங்குனதும் சாமி வந்துடுது, செத்த புள்ளையும் எந்திரிச்சுடுது.

அகரத்துத் திண்ணை:
அதுவும் சேராது. விசுவாமித்திரர் பந்தயம் கட்டுனது ஆரம்பத்துலயே நமக்குத் தெரியும்ல, பரீட்சைன்னா ரிசல்ட்டு வந்துதானே ஆவணும்.

கடமடைக்காரன்:
எங்க ஊருல வந்தது சாமி இல்ல, மேட்டூர். வேதாரண்யம் பக்கம் கடமடை கிராமம், அதாவது வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற ஊரு, பொங்கலுக்கு பசங்க நாடகம் போட்டாங்க. நாத்தங்கால் வெடிச்சு கெடக்கு, வட்டிக்காரர் வாசல்ல நின்னு மாட்ட அவுக்குறாரு, அந்த நேரம் பாத்து ரேடியோவுல மேட்டூர் தொறந்தாச்சுன்னு செய்தி, ஒடனே ரெண்டு பேர் நீல சேலைய புடிச்சு ஆட்ட தண்ணி வந்துடுச்சு, எல்லாரும் கும்மி. முன்னாடி துண்ட விரிச்சு ஒக்காந்திருந்த பெரியவர் எந்திரிச்சே கேட்டுட்டாரு, "ஏந்தம்பி, தண்ணி கல்லணைக்கு வரவே மூணு நாலு நாளு ஆவும், நம்மூரு வாய்க்காலுக்கு வர்ற வரைக்கும் வட்டிக்காரன் வாசல்லயே நிப்பானா?" சிரிப்பு அடங்காம மைக்செட்காரர் பாட்டப் போட்டுட்டாரு.

மறுவருஷம் அதே நாடகம், ஆனா மாத்திட்டாங்க. ஜூன் 12 தொறந்தாச்சுங்குறது மொத சீன்லயே வந்துடுது, அப்பறம் சீனுக்கு சீன் வாய்க்கால் ஷட்டர தொறந்து மூடுற லஸ்கர் சைக்கிள்ல வந்து கல்லணை தாண்டிருச்சு, மேல முறை வச்சு விடுறாங்க, இன்னும் ரெண்டு ஷட்டர் இருக்குன்னு சொல்லிட்டுப் போறாரு, இந்தப் பக்கம் வட்டிக்காரர் கெடு நெருங்குது. கடைசில வந்தது அதே நீல சேலைதான். பெரியவர் கேள்வியெல்லாம் கேக்கல, "மடைய நல்லா வெட்டி விடுங்கடா"ன்னு ஒக்காந்த எடத்துலேருந்தே கத்துனாரு.