நீச்சல் குளத்தில் மிதக்கிற நூடுலை ஏன் பிடுங்கி வைக்கிறார்கள்?

கேள்வி: கயல் அம்மா

என் மகளுக்கு ஆறு வயது. நூடுல் என்கிற நீளமான ஃபோம் மிதவைத் தண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டால்தான் தண்ணீரில் இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை பொது நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு (குளத்தில் காவலுக்கு நிற்கும் உயிர்காப்பாளர்) அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டார். "கூட்டம் குறையட்டும், தருகிறேன்" என்றார். அழுது தீர்த்துவிட்டாள். பிள்ளை பிடித்துக்கொள்ள ஒன்று இருப்பது நல்லதுதானே? அதைப் பிடுங்குவதில் என்ன பாதுகாப்பு?

பதில்: குளத்தங்கரை

ஒன்பது வருடம் லைஃப்கார்டாக இருந்தவன் நான். அவர் செய்தது சரிதான் அம்மா.

நூடுல் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதில்லை, பிள்ளைதான் அதைப் பிடித்திருக்க வேண்டும். பிடி விட்டால் அவ்வளவுதான். அந்த ஃபோமுக்குள் முழுக்கக் காற்றறைகள். கொஞ்சம் நழுவினாலும் விசுக்கென்று மேலே எழும்பித் தள்ளிப் போய்விடும்.

ஒரு பையன், ஏழு வயதிருக்கும். மஞ்சள் நூடுலோடு மிதந்து மிதந்து தரை சரிகிற இடம் வரை வந்துவிட்டான். இன்னொரு பிள்ளை விளையாட்டாக அதன் முனையை இழுத்தது. நான் முதலில் பார்த்தது ஆளில்லாமல் மிதந்த அந்த நூடுலைத்தான். பிறகுதான் அவன் முகம் தெரிந்தது. தலை பின்னால் சாய்ந்திருக்க, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடியது. சத்தமே இல்லை. மூச்சுக்கே போராடுகிற பிள்ளை எங்கே கத்தும்? அவன் அம்மா நாலடி தூரத்தில் முதுகைக் காட்டியபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். குதித்துத் தூக்கினேன். இருமினான், அழுதான், பிழைத்தான். அந்த இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம், கூட்டம். பல இடங்களில் லைஃப்கார்டுக்குத் தரும் பயிற்சி 10/20: தன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் கண்ணால் துழாவ வேண்டும், ஆபத்தில் இருப்பவரை அடுத்த 20 விநாடிக்குள் எட்ட வேண்டும். தண்ணீரின் மேல் இருபது நூடுல், நாலைந்து மிதவைப் பாய் என்று கிடந்தால் அடித்தரை கண்ணில் படாது. மூழ்கிய பிள்ளை அடியில்தானே இருக்கும்!

பதில்: தினமும் நீந்துபவர்

எங்கள் குளத்தில் பிய்ந்த நூடுலை உள்ளேயே விடுவதில்லை. சின்னப் பிள்ளைகள் கடித்துத் துண்டு தொண்டையில் சிக்கினால் மூச்சடைக்கும். தூள் வடிகட்டிக்கும் போகிறது. உங்கள் மகளின் நூடுலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

கயல் அம்மா

பார்த்தேன். ஒரு முனையில் வரிசையாகப் பல் தடம், ஒரு விரல் அகலத்துக்கு ஃபோமே இல்லை. இத்தனை நாள் கவனிக்கவில்லை. அப்படியானால் ஊதி மாட்டும் கைப்பட்டை போதுமா அண்ணா?

பதில்: குளத்தங்கரை

வேண்டாம் அம்மா. அது கழன்றுவிடும், காற்றும் இறங்கும். உடம்போடு வார் போட்டு இறுக்கும், அவள் எடைக்கேற்ற, தரச்சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். வாரை இறுக்கிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. அதைப் போட்டாலும் நீங்கள் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். நூடுலைப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கால் உதைக்கச் சொல்லித்தரும்போது கொடுக்கலாம், அதற்கு அது அருமையான பொருள்.

கயல் அம்மா

சரி அண்ணா. பயிற்சி வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு நானும் அவளோடு இறங்குகிறேன்.