உதவி: வெர்சஸ் எல் / வெர்சஸ் ஆர் தலைகீழா காட்டுது, அவசரம், 7 மணிக்கு டீம் லாக்

நியூஜெர்சி_நண்டு (மாலை 4.40)
மக்களே, ஆபீஸ் ஃபேன்டசி பேஸ்பால் லீக்ல, அதான் நிஜ ஆட்டக்காரங்கள வச்சு டீம் கட்டி அவங்க ஆடுறதுக்கு நமக்கு பாயின்ட் வர்ற ஆட்டத்துல, என்னையும் இழுத்து விட்டுட்டாங்க, ஆறு வாரமா கடைசி இடம். ரைட்டி பேட்டர்னா லெஃப்டி பிட்சர, அதாவது இடது கையால பந்து எறியுறவன, போட்டு வெளுப்பான்னு ஆபீஸ்ல ஒரு அண்ணன் சொன்னாரு, அத நம்பி என்கிட்ட இருக்குற ஒரு ஆள எதிர்ல லெஃப்டி வர்ற நாளா பாத்து பாத்து இறக்குறேன், எல்லா நாளும் முட்டை. இன்னைக்குதான் ஸ்ப்ளிட்ஸ் டேபிள (எதிராளி கை வாரியா பிரிச்ச கணக்கு) தொறந்து பாத்தேன், வெர்சஸ் எல்-ல கேவலமா இருக்கான், வெர்சஸ் ஆர்-ல ராஜா மாதிரி இருக்கான். நான் படிக்கிறது தப்பா, அண்ணன் சொன்னது தப்பா? இன்னைக்கும் எதிர்ல லெஃப்டிதான். இறக்கவா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்க

மிளகுரசம் (4.46)
பேட்டர் யாரு? இந்த சீசன் கணக்கா, கரியர் கணக்கா? எத்தன பிளேட் அப்பியரன்ஸ், அதாவது எத்தன தடவ பேட் பண்ண இறங்குனான்? இது எதுவும் இல்லாம ஜோசியம்தான் சொல்ல முடியும்

எண்கணிதம்_ஏகாம்பரம் (4.51)
நீங்க பிட்சர் பக்கத்த தொறந்து வச்சிருக்கீங்கன்னு நெனைக்கிறேன். பேட்டர் பக்கத்துல வெர்சஸ் எல்-னா எதிர்ல போடுறவன் லெஃப்டி, பிட்சர் பக்கத்துல வெர்சஸ் எல்-னா எதிர்ல நின்னு அடிக்கிறவன் லெஃப்டி. நானே ஒரு சீசன் முழுக்க இதுல ஏமாந்திருக்கேன்

நியூஜெர்சி_நண்டு (4.55)
பேட்டர் பக்கம்தான் சார். பேரு சொல்ல மாட்டேன், எங்க லீக் ஆளுங்க ரெண்டு பேர் இங்கயே சுத்துறாங்க. இந்த சீசன் கணக்கு. ரைட்டிதான்

பழைய_பெவிலியன் (5.03)
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்விய தூக்கிட்டு வந்துடுறீங்க, தேடுற பெட்டின்னு ஒண்ணு மேல இருக்கு, அது அழகுக்கு வச்சதில்ல. சரி, கேட்டுக்கோங்க. எம்எல்பில (அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால்) லெஃப்டி பிட்சர்கள் மூணுல ஒரு பங்குக்கும் கீழதான், அதனால எந்த பேட்டருக்கும் வெர்சஸ் எல் பக்கம் எப்பவுமே ஒல்லியாத்தான் இருக்கும். ஒரு சீசன்ல ஆறு வாரம்னா அது முப்பது நாப்பது தடவ இறங்குனதா இருக்கும், அதுல நாலு பந்து ஃபீல்டர் கைக்கு நேரா போனாலே ஆவரேஜ் படுத்துரும். ஒரு ரைட்டிக்கு நிஜமாவே ரிவர்ஸ் ஸ்ப்ளிட், அதாவது லெஃப்டிகிட்ட திணறி ரைட்டிகிட்ட அடிக்கிற தலைகீழ் கணக்கு, இருக்குன்னு சொல்லணும்னா வருஷக்கணக்குல டேட்டா வேணும். அது வர்றதுக்குள்ள உங்க லீக்கே கலஞ்சிரும். பொறுமை இல்லாதவங்க ஃபேன்டசிக்கு வரக்கூடாது.

ஸ்க்ரூபால்_ரவி (5.10)
பெவிலியன் சார் எல்லாத்துக்கும் சாம்பிள் சைஸ்னு ஒரே மருந்துதான் வச்சிருக்காரு. எதிர்ல வந்த லெஃப்டிங்க என்ன பந்து போடுறாங்கன்னு பாத்தீங்களா நண்டு? கைய விட பந்துதான் முக்கியம். ஸ்லைடர், சிங்கர்னு ரெண்டு வகை பந்தும் பிட்சரோட அதே கை பேட்டருக்குத்தான் கஷ்டம், எதிர் கை பேட்டர்கிட்ட அடி வாங்கும். சேஞ்சப், அதான் வேகத்த கொறச்சு ஏமாத்துற பந்து, அப்படி இல்ல, ரைட்டி பிட்சர் போட்டா லெஃப்டி பேட்டர விட்டு விலகி ஓடும், லெஃப்டி போட்டா ரைட்டிய விட்டு விலகி ஓடும். அதனால நல்ல சேஞ்சப் வச்சிருக்குற லெஃப்டிகிட்ட ரைட்டி பேட்டரோட அட்வான்டேஜ் பாதி போச்சு. மரியானோ ரிவேரா ரைட்டி பிட்சர், ஆனா அவரோட கட்டர்ங்கிற பந்து லெஃப்டி பேட்டர் கைப்பிடிக்குள்ள பூந்து பேட்டயே ஒடைக்கும், லெஃப்டிங்கதான் அவர பாத்து பயந்தாங்க. உங்க ஆளு வரிசையா சேஞ்சப் பார்ட்டிங்கள சந்திச்சிருப்பான், அவ்ளோதான் விஷயம்

கூடுவாஞ்சேரி_கிட்டு (5.14)
ஸ்விட்ச் ஹிட்டரா, அதான் ரெண்டு பக்கமும் நின்னு ஆடுறவனா, இருக்குமோ? அப்படின்னா வெர்சஸ் எல்-னா அவன் ரைட் பக்கம் நின்னு ஆடுன கணக்கு, அந்தப் பக்கம் வீக்கா இருக்கலாம். செட்ரிக் முல்லின்ஸ் அப்படித்தான் ரைட் பக்கம் ஆடுறதயே நிறுத்திட்டு 2021ல முழு லெஃப்டியா மாறுனாரு, அதே வருஷம் 30 ஹோம் ரன், 30 ஸ்டீல் (பேஸ திருடி ஓடுறது)

நியூஜெர்சி_நண்டு (5.17)
ஸ்விட்ச் எல்லாம் இல்லங்க. இறக்கவா வேண்டாமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும், மீட்டிங் நடுவுல டைப் பண்றேன்

சேப்பாக்கம்_கேட்7 (5.22)
நண்டு, கிரிக்கெட்ல யோசிங்க ஈஸியா புரியும். ஆஃப் ஸ்பின்னர் பந்து லெஃப்டிய விட்டு வெளிய திரும்பும், அதான் அஷ்வின் வந்தா லெஃப்டிங்க நடுங்குவாங்க. டெஸ்ட்ல லெஃப்டி விக்கெட் மட்டும் 200 எடுத்த முதல் ஆளு அவர்தான், 2021ல நம்ம சேப்பாக்கத்துலயே பிராட எடுத்தப்ப அது வந்துச்சு. ஒதுங்கிப் போற பந்துதான் கஷ்டம், ரெண்டு ஆட்டத்துக்கும் அதே விதி

பழைய_பெவிலியன் (5.27)
அதே விதி இல்ல. கிரிக்கெட்ல பந்து தரைல பட்டு திரும்புது, இங்க காத்துலயே வளையுது. முக்கியமா, ஒரே கை பிட்சர் போடும்போது பந்து பேட்டரோட முதுகுக்குப் பின்னாடி இருந்து வர்ற மாதிரி இருக்கும், கைய விட்ட இடம் கண்ணுல படவே லேட்டாகும். லெஃப்டி பேட்டருக்கு இது இன்னும் மோசம், சின்ன வயசுலேர்ந்து அவன் பாத்ததெல்லாம் ரைட்டி பிட்சர்ங்கதான். அதனாலதான் லெஃப்டியோட ஸ்ப்ளிட் பொதுவா ரைட்டியோடத விட பெருசா இருக்கும். கிரிக்கெட்ட எல்லா இடத்துலயும் சாம்பார் மாதிரி ஊத்தாதீங்க

சேப்பாக்கம்_கேட்7 (5.31)
கை மேட்ச்அப்தான் வேதம்னா 2024 வேர்ல்ட் சீரிஸ் (எம்எல்பி ஃபைனல்) முதல் மேட்ச்ல என்னாச்சு சார்? பத்தாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ எதிர்த்து யாங்கீஸ் 3-2 லீட். டாட்ஜர்ஸ் பேட்டர் ஓட்டானி லெஃப்டின்னு யாங்கீஸ் லெஃப்டி பிட்சர் கோர்டெஸ இறக்குனாங்க, ஒரே பந்துல அவுட், சரி. அப்புறம் ரைட்டி பெட்ஸுக்கு வேணும்னே வாக் (அடிக்க விடாம சும்மா முதல் பேஸுக்கு அனுப்புறது) கொடுத்து மூணு பேஸயும் ரொப்பிட்டு லெஃப்டி பேட்டர் ஃப்ரீமேன கூப்புட்டாங்க. அடுத்த பந்து கிராண்ட் ஸ்லாம் (மூணு பேஸும் ரொம்பியிருக்கப்ப அடிக்கிற ஹோம் ரன், நாலு ரன்), 6-3, மேட்ச் முடிஞ்சு போச்சு

பழைய_பெவிலியன் (5.36)
ஒரு பந்த வச்சு தியரி பேசுறீங்க பாருங்க. ஃப்ரீமேன்கிட்ட லெஃப்டிய போட்டது தப்பில்ல, ஒரு மாசத்துக்கு மேல மேட்ச்ல பந்தே போடாத ஆள அந்த நேரத்துல இறக்குனதுதான் தப்பு. டிம் ஹில்னு இன்னொரு லெஃப்டி பிட்சர் இருந்தாரு

ஸ்க்ரூபால்_ரவி (5.38)
கோர்டெஸ் என்ன பந்து போட்டாரு, ஃபாஸ்ட்பால். நான் மொதல்லயே சொன்னேன்

கூடுவாஞ்சேரி_கிட்டு (5.41)
பேட் வெண்டிட்டேன்னு ஒருத்தர் ரெண்டு கையிலயும் பிட்ச் பண்ணிட்டிருந்தாரு, ஆறு விரல் கிளவுஸ் போட்டுக்கிட்டு. 2008ல மைனர் லீக்ல ஒரு ஸ்விட்ச் ஹிட்டர் எதிர்ல வந்து, இவர் கை மாத்த அவர் பக்கம் மாற, மேட்சே நின்னு போச்சு. அப்புறம்தான் பிட்சர் மொதல்ல கைய சொல்லணும்னு ரூல் போட்டாங்க. சும்மா ஞாபகம் வந்துச்சு

மிளகுரசம் (5.44)
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. நண்டு, பேட்டர் பேருக்குக் கீழ பேட்ஸ், த்ரோஸ்னு ரெண்டு இருக்கும். அத அப்படியே டைப் பண்ணுங்க

நியூஜெர்சி_நண்டு (5.52)
பேட்ஸ் எல், த்ரோஸ் ஆர். அதான் ரைட்டின்னு சொன்னேனே, கை ரைட்டு

எண்கணிதம்_ஏகாம்பரம் (5.53)
🤦

மிளகுரசம் (5.58)
ஐயோ ராசா. த்ரோஸ்னா ஃபீல்டிங்ல எந்தக் கையால எறியுறான்னு, பேட்டிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம வாஷிங்டன் சுந்தர் ரைட்ல ஆஃப் ஸ்பின் போடுறாரு, லெஃப்ட்ல பேட் பண்றாரு, அவர ரைட்டி பேட்ஸ்மேன்னு யாராவது சொல்வாங்களா? ஓட்டானி, ஃப்ரீமேன் ரெண்டு பேருமே அப்படித்தான், பேட் எல், த்ரோ ஆர். உங்க ஆளு சுத்தமான லெஃப்டி பேட்டர். லெஃப்டி பிட்சர்கிட்ட திணறுறான், ரைட்டிகிட்ட அடிக்கிறான், புக்குல போட்ட மாதிரி ஆடுறான், நீங்கதான் ஆறு வாரமா அவன் தோக்குற நாளா தேடித் தேடி இறக்கி விட்டிருக்கீங்க. அண்ணன் சொன்னது சரி, டேபிளும் சரி

பழைய_பெவிலியன் (6.02)
இதத்தான் நான் மொதல்லயே சொன்னேன், அடிப்படை தெரியாம வரக்கூடாதுன்னு

மிளகுரசம் (6.04)
சார் நீங்க சாம்பிள் சைஸ்னு சொன்னீங்க

சேப்பாக்கம்_கேட்7 (6.05)
கடைசில கேஸ முடிச்சது கிரிக்கெட் உதாரணம்தான்னு பதிவு பண்ணிக்கிறேன்

எண்கணிதம்_ஏகாம்பரம் (6.15)
நண்டு இன்னும் இருக்கீங்களா? பெஞ்ச்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஸ்டார்ட்டர் (மேட்ச்ச ஆரம்பிக்கிற பிட்சர்) லெஃப்டின்னா மேட்ச் முழுக்க லெஃப்டின்னு அர்த்தம் இல்ல, அஞ்சு இன்னிங்ஸ்ல தூக்கிட்டா அப்புறம் வர்ற ரிலீவர்ங்க பெரும்பாலும் ரைட்டிதான். 2020லேர்ந்து ஒரு ரிலீவர் வந்தா இன்னிங்ஸ் முடியணும் இல்ல மூணு பேட்டர சந்திக்கணும், அதனால ஒரே ஒரு லெஃப்டிக்காக ஒரு லெஃப்டிய கொண்டு வந்துட்டு உடனே தூக்குறது கஷ்டம். உங்க ஆள எந்த இடத்துல இறக்குறாங்கன்னும் பாருங்க, கோச்சே உக்கார வச்சிட்டா பேச்சே இல்ல

மிளகுரசம் (7.20)
லாக் ஆகியிருக்கும். என்ன பண்ணீங்க நண்டு?

நியூஜெர்சி_நண்டு (மறுநாள் காலை 9.12)
பெஞ்ச்ல வச்சேன். லெஃப்டி ஸ்டார்ட்டர் நாலாவது இன்னிங்ஸ்லயே போயிட்டான். அப்புறம் வந்த ரைட்டிகிட்ட ரெண்டு ஹோம் ரன் அடிச்சிருக்கான். எல்லாருக்கும் நன்றி

ஸ்க்ரூபால்_ரவி (9.15)
ரெண்டும் என்ன பந்துன்னு பாத்தீங்களா?