காரைக்குடிக்குக் கம்பி: ரயிலா, டிரெய்லரா?

செம்மண்சாலை: காரைக்குடி ஜங்ஷனில் கட்டுமானக் கம்பி இறக்க வசதி கேட்டு வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும் என்கிறேன். அகலப்பாதை வந்து வருடங்கள் ஆகிவிட்டன, சரக்கு மட்டும் டிரெய்லரில்தான் வருகிறது. இரும்புத் தொழிலே ரயிலோடு வளர்ந்ததுதான். பென்சில்வேனியா ரயில்வே கேட்ட வாடகை கட்டுப்படியாகாமல், 1897-இல் அமெரிக்க எஃகு முதலாளி கார்னகி ஏரித் துறைமுகத்திலிருந்து பிட்ஸ்பர்க் உலைகளுக்கு இரும்புத் தாது கொண்டுவரத் தனக்கென்றே ஒரு ரயில்பாதையை அமைத்துக்கொண்டார். நமக்குப் பாதை போடுகிற செலவுகூட இல்லை.

கம்பிக்கடை: தம்பி, கார்னகி ஏற்றியது தாது. ஒரு டன் எஃகுக்கு ஒன்றரை டன் தாது, முக்கால் டன் கரி என்று உள்ளே போகிற இடத்தில் ரயில் இல்லாமல் முடியாது. வெளியே வருகிற கம்பியின் கதை வேறு. ஒரு ரேக், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயில், என்றால் 2,000 டன்னுக்கு மேல். 1,500 சதுர அடி வீட்டுக்கு, சதுர அடிக்கு 4 கிலோ வைத்தாலும் 6 டன்தான். முந்நூற்றுச் சொச்சம் வீட்டுக் கம்பியை ஒரே நாளில் இறக்கி எங்கே அடுக்குவேன்? அதிலும் எனக்கு 8 எம்.எம். கொஞ்சம், 12 கொஞ்சம், 16 கொஞ்சம் என்று கலந்து வேண்டும். திருச்சி பெல் மாதிரி ஆலைக்கு ரேக் சரிப்படும்.

ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு: ஒரே ரேக்கை இரண்டு ஊரில் இறக்கும் ஏற்பாடு ரயில்வேயில் உண்டு. திருச்சியில் பாதி, இங்கே பாதி.

கம்பிக்கடை: பாதியே ஆயிரம் டன் ஐயா! கொடுத்த நேரத்துக்குள் வேகன் காலியாகவில்லை என்றால் டெமரேஜ் என்று ஒரு கட்டணம், இறக்கிய சரக்கு ஸ்டேஷன் ஷெட்டிலேயே கிடந்தால் வார்ஃபேஜ் என்று இன்னொன்று. அப்புறம் அங்கிருந்து கடைக்கு மறுபடி லாரி, மறுபடி ஏற்றுகூலி இறக்குகூலி. 12 மீட்டர் கம்பியை இரண்டாக மடித்துக் கட்டி வந்தால் சின்ன லாரி செக்காலைச் சந்து வரை நுழைந்துவிடும். லோடுமேன்கள் நாலு பேர், கையில் சாக்குத்துணி, அரை நாளில் வேலை முடிந்தது.

தேவகோட்டை ஆச்சி மகள்: சாலைச் செலவை யாரும் பேசவில்லையே. 2018-இல் எடை வரம்பை ஏற்றிய பிறகு டிரெய்லர் வண்டியும் சரக்கும் சேர்த்து 55 டன் வரை போகலாம். அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சாலைத் தேய்மானம் பதினாறு மடங்கு என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. கடைக்காரருக்கு மிச்சமாகும் காசு ஊர்ப் பணம்.

கம்பிக்கடை: அதற்குத்தான் டீசல் வரியும் டோலும் கட்டுகிறோம். 1930-இல் இங்கே ரயில் வருவதற்கு முன்பே நம் வீடுகளுக்குச் சீமை இரும்பு உத்திரம் கப்பலேறி வந்து, மாட்டு வண்டியில் ஊருக்குள் வந்ததே.

செம்மண்சாலை: மாட்டு வண்டியில் வந்தது பத்து உத்திரம் அண்ணே. இப்போது தெருவுக்குத் தெரு மாடி எழும்புகிறது. புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை வியாபாரிகள் சேர்ந்து ஒரு ரேக் எடுக்க முடியாதா?

கம்பிக்கடை: எடுக்கலாம். யார் பேரில் புக் பண்ணுவது? ரயிலுக்குப் பெரும்பாலும் வாடகையை முன்னாலேயே கட்ட வேண்டும். டிரெய்லர்காரர் பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மீதியைச் சரக்கு இறங்கிய பிறகு கேட்பார். எங்கள் வியாபாரமே கடனில் ஓடுகிறது. நாலு ஊர்க் கடைக்காரர்களை ஒரே ரசீதில் கையெழுத்துப் போட வையுங்கள், மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.